கிளம்பலாம் என்று சொல்லும் உரிமை

ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேயருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் லிட்டில் அந்தமானில் யாரும் கிலோமீட்டர் கணக்கு சொல்ல மாட்டார்கள். 'கடல் நல்லா இருந்தா எட்டு மணி நேரம்' என்பார்கள். அந்த 'நல்லா இருந்தா' என்பதில்தான் எங்கள் பிழைப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. மே மாதம் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் கப்பல் எப்போது ரத்தாகும் என்று சொல்ல முடியாது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் அதற்கும் வானம் இடம் கொடுக்க வேண்டும். கார் நிக்கோபார் இன்னும் தெற்கே, போர்ட் பிளேயரிலிருந்து 270 கிலோமீட்டர். காம்ப்பெல் பே அதைப்போல் இரண்டு மடங்கு.

ஊர்ப்பக்கம் பேறுகாலம் பார்க்கிற நர்ஸுக்குக் கோளாறு தெரிந்த பிறகு முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. 108க்குப் போன் போட்டால் வண்டி வரும். தீவில் அப்படியில்லை. கோளாறு எதுவும் தெரியாத நிலையில், நன்றாகச் சாப்பிட்டு நன்றாக நடமாடும் பெண்ணிடம் 'அடுத்த வாரம் கப்பல் ஏறிடு' என்று சொல்ல வேண்டும். பெரிய ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் போர்ட் பிளேயரில் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் இருக்கின்றன. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு விழுந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் சோம்பிக் கிடந்தால், எட்டு மணி நேரக் கப்பலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே முன்கூட்டியே அனுப்புவதில் எனக்கு மறுப்பு கிடையாது. 1990களின் இறுதியில் இந்தியாவில் லட்சம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 400 தாய்மார் இறந்தார்கள். 2018–20 கணக்கெடுப்பில் அது 97. வீட்டில் பெற்றதெல்லாம் பொற்காலம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் அனுப்பப்படுகிறவளின் பக்கமும் ஒன்று இருக்கிறது. மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட வேண்டும். கோழி, பாக்குத் தோட்டம், மீன்பிடிக்கப் போகும் புருஷனின் சோறு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, போர்ட் பிளேயரில் தூரத்து உறவு ஒருத்தியின் வீட்டு ஹாலில் பாய் விரித்து, வலி எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பெண்கள் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார்கள். நாள் தள்ளிப்போன மாதத்தை மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

டேப் காட்டிக்கொடுத்துவிடும். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் மேல்விளிம்பு வரை அளந்தால், ஆறாம் மாதத்துக்குப் பிறகு எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். இருபத்தெட்டு என்று ஒருத்தி சாதித்தாள். டேப் முப்பத்துமூன்று காட்டியது. ஏன்மா இப்படி என்றேன். "முன்னாடியே சொன்னா முன்னாடியே ஏத்திருவீங்கல்ல சிஸ்டர்?" என்றாள். திட்டுவதற்கு வாய் வரவில்லை. அவள் கணக்கில் நான் கப்பல் டிக்கெட்டோடு வருகிற ஆள். என்னிடம் உண்மை சொல்ல அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

ஏ.என்.எம். என்னும் துணை நர்ஸ் பயிற்சியில் நான் கற்றுக்கொண்ட எதுவும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை. ஒருத்தியைப் பார்த்து 'கிளம்பு' என்று சொல்லும் உரிமை வெள்ளைச் சேலையோடு சேர்ந்து வருவதா, அல்லது வேறெங்காவது சம்பாதிக்க வேண்டியதா?

இதை நினைக்கும்போதெல்லாம் சாந்தி தெரசா லக்ராதான் எனக்கு முன்னால் வருவார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து தீவுக்குக் கூலி வேலைக்கு வந்த ஓராவ் மக்களின் வழியில், மத்திய அந்தமானின் ரங்கத்தில் பிறந்தவர். அவரும் ஏ.என்.எம்.தான். 2001இல் இதே லிட்டில் அந்தமானின் வடகிழக்கு மூலையில், ஓங்கிப் பழங்குடி மக்கள் வசிக்கும் டுகாங் கிரீக்கில் பணியில் சேர்ந்தார். 1901 கணக்கெடுப்பில் 672 பேராக இருந்த ஓங்கிகள் 2001இல் நூறு பேர்கூட இல்லை. அங்கே ஒரு கர்ப்பம் என்பது ஒரு குடும்பத்துச் செய்தி மட்டுமல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலை, கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் ஓங்கிகள் மேட்டுக்கு ஓடினார்கள். அவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அதன் பிறகு அவர்கள் காட்டுக்குள் தங்கியபோது லக்ராவும் அங்கேயே கூடாரத்தில் தங்கி வைத்தியம் பார்த்தார். 2011இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

விருது பற்றிய செய்திகள் எல்லாம் சுனாமியையே சுற்றிச் சுற்றி வந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய மூன்று வருடங்கள். அந்த வருடங்களில் புகைப்படம் எடுக்க எதுவும் நடந்திருக்காது. காய்ச்சலுக்கு மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, பாஷை பழகுதல், ஒரே மழையில் நனைதல். அந்த மூன்று வருடம் இல்லாமல் நாலாவது வருடம் யாரும் யாரையும் காட்டுக்குள் கூட்டிப்போயிருக்க மாட்டார்கள்.

சுனாமி வந்த அதே நாளில் ஹட் பேயிலும் ஒரு பிரசவம் நடந்தது. ஊரோடு காட்டு மேட்டுக்கு ஓடிய நிறைமாதப் பெண்ணுக்கு அங்கே வலி கண்டது. டாக்டர் இல்லை. கூட ஓடிவந்த பெண்கள் பாறைமேல் படுக்கவைத்துப் பிள்ளையை வாங்கினார்கள். பிறகு தாயைக் கப்பலில் போர்ட் பிளேயர் கொண்டுபோனார்கள். பையனுக்குச் சுனாமி என்றே பெயர் வைத்தார்கள். பத்திரிகைகளில் பலமுறை வந்த கதை. இதில் நான் கவனிப்பது கடைசிப் பகுதியை. அந்தப் பெண்கள் பிள்ளையை வாங்கியதோடு நிற்கவில்லை, கப்பல் வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாம் மட்டும் என்ன, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறவர்கள்தானே. போர்ட் பிளேயர்த் தமிழ்க் குடும்பங்களில் வளைகாப்பு முடிந்ததும் மருமகளைச் சென்னைக் கப்பலில் மூன்று நாள் பயணம் அனுப்பியிருக்கிறார்கள். நம் பாட்டிமார் கண்ட பாதுகாப்பு கட்டடத்தில் இல்லை, அம்மா பக்கத்தில் இருப்பதில்தான். கார் நிக்கோபாரில் முன்பு கடற்கரையோரப் பொதுவெளியான எல்பனத்தில் பேறுகாலத்துக்கென்றே வீடு இருந்தது. பிள்ளை பெற்றவளோடு அவள் கணவனும் வேலையை விட்டுவிட்டு ஓய்விலும் பத்தியத்திலும் இருப்பான். அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் வேடிக்கை என்று எழுதிவைத்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம், பிரசவ நேரத்தில் அந்தப் பெண் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிக்கோபாரிகள் சிரித்திருப்பார்கள்.

அதே பரிந்துரையில் இன்னொன்றும் இருந்தது. பிரசவ வலியில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கர்ப்பப்பை வாய் திறக்க வேண்டும் என்று எங்களுக்குப் படித்துக்கொடுத்தார்கள். அந்த வேகத்தை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்றது. சும்மா உட்கார்ந்து இடுப்பை நீவிவிட்டு, நாடி பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, கஞ்சி கொடுத்து, மறுபடி சும்மா உட்கார்வதற்குச் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குத்தான் சம்பளம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பிரசவம் சிசேரியன் என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் எத்தனை தேவைக்கு, எத்தனை பொறுமையின்மைக்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் உட்கார ஆள் இல்லாத இடத்தில் கத்தி சீக்கிரம் வெளியே வரும். மறுபுறம், 2018இல் திருப்பூரில் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று வீடியோ பார்த்துப் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தார். அந்த வீட்டிலும் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஆள் இல்லை. வலி நல்ல வலியா, ரத்தம் போதுமான அளவா கூடுதலா என்று பார்த்து, இனிமேல் காத்திருக்கக் கூடாது என்று சொல்லும் ஆள்.

நான் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஏழாம் மாதத்திலேயே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கப்பலைப் பற்றிப் பேசாமல் கோழியைப் பற்றிப் பேசினேன். யார் தீனி போடுவார், மூத்தவன் எங்கே தூங்குவான், கூட யார் வருவார், மாமியாரா அக்காவா, அதே ரத்த குரூப் வீட்டில் யாருக்கு. ஹர்மிந்தர் பே நிக்கோபாரி வீடுகளில் இதற்குக் குடும்பம் முழுக்கக் கூடி உட்காரும். வங்காளி வீடுகளில் மாமியாரைக் கேட்காமல் அடுத்த வார்த்தை நகராது. என் தீவு இந்தியைக் கேட்டு எல்லோருமே சிரிப்பார்கள். ஜெட்டியில் நானும் போய் நின்று ஏற்றிவிடுவேன், முடிந்தால் கூடவே போவேன். எல்லோரும் உண்மை மாதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். முன்பைவிட அதிகம் பேர் சொன்னார்கள்.

மத்திய அரசு 2018இல் மருத்துவச்சிப் பணிக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்து, நர்ஸுகளுக்குப் பதினெட்டு மாதச் சிறப்புப் பயிற்சி என்று அறிவித்தது. நல்ல திட்டம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். அந்தப் பயிற்சியில் நர்ஸுகள் ஒரு மழைக்காலம் முழுக்க, மே தொடங்கி செப்டம்பர் வரை, ஏதாவது ஒரு தீவுக் கிராமத்தில் குவார்ட்டர்ஸ் இல்லாமல் ஊருக்குள் வாடகைக்கு இருக்கட்டும். பிரசவம் எதுவும் பார்க்க வேண்டாம். கப்பல் ரத்தாகும் நாட்களில் அரிசியும் காய்கறியும் அவர்களுக்கும் தீரட்டும், பக்கத்து வீட்டில் போய்க் கேட்கட்டும்.