தலையெழுத்தா, மூளையெழுத்தா?

சோற்றாலடித்த பிண்டம் என்கிறோம் ஒருவனை. குடிகேடன் என்கிறோம் மற்றொருவனை. சொல்லி முடித்ததும் நமக்கு ஒரு நிறைவு! ஏதோ அவனை அறிந்துவிட்டது போலவும், அறிந்ததோடு நம் கடன் தீர்ந்துவிட்டது போலவும்! ஆனால், வயிறு நிறைந்த பின்னும் அவன் ஏன் உண்கிறான்? ஈரல் கெட்ட பின்னும் இவன் ஏன் குடிக்கிறான்? கேட்டால், பழைமைவாதியிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது—முன்வினை, தலையெழுத்து, கலியின் கோலம்! கேட்டு நகைக்கிறோம். நகைத்துவிட்டு நாம் தரும் விடைதான் என்ன? "மன உறுதி அற்றவன்!" அந்த உறுதி எங்கே இருக்கிறது, நம்மிடம் இருப்பது அவனிடம் இல்லாமற் போனது எதனால் என்று ஆராய்ந்தா சொன்னோம்? இல்லை, தோழர்களே! விதி என்று அவன் எழுதிய இடத்தில் உறுதி என்று நாம் எழுதினோம். கேள்வி அப்படியே நிற்கிறது.

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் மருத்துவர்களிடம் ஒரு சிறுமி வந்தாள். வயது எட்டு; எடை 86 கிலோ! அவளுடைய உறவினர் வீட்டுப் பிள்ளை, வயது இரண்டு. எடை 29 கிலோ. பசி, பசி, ஓயாத பசி! உணவைத் தடுத்தால் அழுகை, ஆர்ப்பாட்டம். பார்த்தவர் பெற்றோரைப் பழித்திருப்பர், பிள்ளையை ஏசியிருப்பர். ஸ்டீபன் ஓராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் அவர்தம் குழுவினரும் ஏசவில்லை, இரத்தத்தை ஆராய்ந்தனர். உடலின் கொழுப்புத் திசு, லெப்டின் என்றொரு சுரப்புநீரை இரத்தத்தில் விடுகிறது. 'சேமிப்பு உண்டு, போதும்' என்ற செய்தியை மூளையின் அடிப்பகுதிக்கு ஏந்திச் செல்லும் தூதன் அது. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் அதனை 1994-இல் கண்டறிந்தார். அந்தப் பிள்ளைகளிடம் அந்தத் தூதன் இல்லை! மரபணுவில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. அதனால் மூளை, கொழுத்த உடலுக்குள்ளே பஞ்சத்தில் வாழ்ந்தது. 1997-இல் இவ்வுண்மை வெளியாயிற்று. பின்னர் அச்சிறுமிக்கு, ஒன்பது வயதில், நாள்தோறும் லெப்டின் ஊசி போடப்பட்டது. பசி அடங்கிற்று. ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோ குறைந்தது. நோன்பில்லை, நேர்த்திக்கடனில்லை, 'நாவை அடக்கு' என்ற அறவுரையும் இல்லை!

உடல் பருத்தவர் அனைவருக்கும் இதுவே காரணம் என்று எவரும் எண்ண வேண்டா. இக்குறை மிக மிக அரிது. பெரும்பாலோரிடம் லெப்டின் நிறையவே இருக்கிறது; அதன் குரலுக்கு மூளைதான் சரிவரச் செவி சாய்ப்பதில்லை. எனினும், 'பெருந்தீனி' என்று நாம் பழித்த ஒன்று, ஒரு துளி நீரின் இன்மையாகவும் இருக்கக்கூடும் என்று அச்சிறுமி காட்டிவிட்டாள்.

இனி, நான் சொல்லக் கூசும் செய்தி ஒன்று உண்டு.

எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தோழர் இருந்தார், சுவரெழுத்துக்காரர். தூரிகையை அவர் எடுத்தால் எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். நாளடைவில் காலையில் கை நடுங்கத் தொடங்கிற்று. குடித்த பின்னரே கோடு நேராக வந்தது. மனைவி பீடி சுற்றிச் சேர்த்த பணமும் கடைக்குப் போயிற்று. கூட்டம் கூட்டினோம். "தன்மானம் இருந்தால் இன்றோடு நிறுத்து! இல்லையேல் பெயரை அடித்துவிடுவோம்" என்றோம். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். அவருக்குத் தன்மானம் இருந்தது. அன்றோடு நிறுத்தினார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். அவர் மாமியார் உடுக்கடிப்பவரை அழைத்து வந்தார். மூடநம்பிக்கை என்று சீறினோம் நாங்கள். ஆனால், அவரைச் சாவின் வாயிலில் நிறுத்தியது அந்த உடுக்கையன்று, எங்கள் தீர்மானம்!

எப்படி? மூளையில் அடக்கி ஆற்றும் வேதிப்பொருள் ஒன்று, காபா. கிளறி எழுப்பும் வேதிப்பொருள் மற்றொன்று, குளூட்டமேட். மது, முன்னதன் வேலையைப் பெருக்குகிறது, பின்னதை ஒடுக்குகிறது. நாள்தோறும் இது நிகழ்ந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. ஆற்றும் பக்கத்தைத் தளர்த்தி, கிளறும் பக்கத்தை முறுக்கி, ஒருவாறு நேர் செய்துகொள்கிறது. அந்நிலையில் மதுவைத் திடீரெனப் பறித்தால், முறுக்கப்பட்டது முறுக்கியபடியே நிற்கும். நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம். சிலருக்கு இறப்பும் உண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். தயமின் என்ற உயிர்ச்சத்தையும் தருவர். இது மருத்துவப் பாடநூலில் உள்ள எளிய செய்தி. பகுத்தறிவு பேசிய எங்களில் ஒருவரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. அரசு மருத்துவமனையில் அவர் பிழைத்தார். நான்கு திங்கள் குடியின்றி இருந்தார். பிறகு ஒரு மாலை, பழைய தெரு வழியே வருகையில், மீண்டும் வீழ்ந்தார். "இன்பத்துக்கு அலைபவன்" என்று அன்றைக்குத் தீர்ப்பளித்துவிட்டோம்.

இன்பமா அது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் அவர் தோழர்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். எலிகளின் மூளையில் டோபமைன் தரும் நரம்பணுக்களை அழித்தனர். எலிகள் உணவை நாடவில்லை. எதிரே வைத்தும் தாமாக உண்ணவில்லை. ஆனால், நாவில் இனிப்பு நீரைச் சொட்டியபோது, முன்போலவே சுவைத்து வாயை நக்கின! சுவை இருந்தது, வேட்கை இல்லை. எனவே, விரும்பி நாடுவது வேறு, நாடியதில் மகிழ்வது வேறு. இரண்டுக்கும் மூளையில் வழிகள் வேறு வேறு. முதலது பெருகி இரண்டாவது வறண்டுபோகவும் கூடும். கசக்கிறது என்று முகம் சுளித்துக்கொண்டே கிண்ணத்துக்குக் கை நீட்டுபவனை நீங்கள் கண்டதில்லையா?

பழைய தெருவின் சூழ்ச்சியும் இங்கேதான் புலனாகிறது. வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற அறிஞர் குரங்குகளுக்கு விளக்கொளியைக் காட்டிப் பழச்சாறு தந்தார். முதலில் சாறு வந்தபோது டோபமைன் அணுக்கள் துடித்தன. பழகிய பின்னர், ஒளியைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது அமைதியாயின! ஒளி வந்து சாறு வராவிட்டால், துடிப்பு வழக்கத்தினும் தாழ்ந்தது. குடித்துப் பழகியவனுக்குக் கடையின் பெயர்ப்பலகைதான் அந்த ஒளி. தின்று பழகியவனுக்கு எண்ணெய் மணம், பளபளக்கும் பொட்டலம்.

பொட்டலம் என்றதும் 2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் செய்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. இருபது பேர். இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் இயல்பான உணவு. தட்டில் வைத்த சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் நாரும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் உண்ணலாம். ஆலை உணவின்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். அதே மனிதர்கள், அதே மன உறுதி! மாறியது தட்டு.

ஆக, எல்லாம் மூளையின் வேலை. மனிதன் மீது குற்றமே இல்லை—அப்படித்தானே? இளைஞர் சிலர் இவ்வாறு பேசக் கேட்கிறேன். தலையெழுத்தை அழித்த கையாலேயே மூளையெழுத்தை எழுதிக்கொள்கிறார்கள்! "நான் செய்யவில்லை, என் மூளை செய்தது" என்கிறானே, அந்த 'நான்' யார்? மூளைக்கு வெளியே, குற்றமற்று, தூய்மையாக அமர்ந்திருக்கும் ஒருவனா? அது ஆன்மா அல்லவா! உடலைக் கூடு என்றும் உயிரைப் பறவை என்றும் சொன்ன பழங்கதைக்குப் புதுச்சட்டை மாட்டியிருக்கிறார்கள். மூளைதான் அவன். பீடி சுற்றிய காசை எடுத்துச் சென்றது டோபமைன் அன்று, தோழரே. அந்த அம்மையாருக்கு அவர் கடன்பட்டவர். அதனை எந்த நரம்பியல் நூலும் தள்ளுபடி செய்யாது.

ஆனால், இயலாததை ஒருவனிடம் கேட்பது அறமாகாது. மூன்றாம் நாள் வலிப்பை உறுதியால் நிறுத்து என்றால், அவரால் இயலுமா? நான்காம் திங்களில் வேறு தெருவழியே நட என்றால், இயலும். சொல்லவும் உடன் நடக்கவும் ஒருவர் இருந்திருந்தால்! வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து உண்டு. குடிநோய்க்கு அதைத் தர அமெரிக்கா 1994-இல் ஒப்புதல் அளித்தது. உடல் பருமனுக்குத் தரப்படும் செமக்ளூடைட், குடிவேட்கையையும் தணிப்பதாக 2025-இல் வெளியான சிறிய ஆய்வொன்று காட்டுகிறது. முடிவுரைக்க அது போதாது. பசியும் குடியும் மூளையில் அண்டை வீடுகள் போலும்! நாம் படிக்கும் குறள் வைப்பில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம், சூது 94, மருந்து 95. அளவறிந்து உண்ணச் சொல்வது மருந்தில்தான். இந்த அண்டையமைப்பு என்னை அடிக்கடி வியக்க வைக்கிறது.

ஒளியைக் காட்டுபவன் பொறுப்பையும் பேச வேண்டுமே! தமிழகத்தில் மதுவிலக்கு 1971-இல் நிறுத்திவைக்கப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மீண்டும் நீங்கிற்று. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. எக்கட்சி ஆண்டபோது எது நடந்தது என்று கணக்குப் பார்த்துச் சண்டையிட நமக்குத் தெரியும். கடையால் வரும் வருவாயையும், அக்கடை வளர்த்த நோய்க்குத் தேவையான மருத்துவர், படுக்கை, மருந்து ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் ஒரே தாளில் எழுதிக் காட்டு என்று எத்தனை மேடையில் கேட்டோம்? தெருவிலே விழுந்தவனை ஏசுவது எளிது. அவன் திருப்பி ஏசமாட்டான்.

எங்கள் படிப்பகத்தின் வெளிச்சுவரில் அவர் எழுதிய எழுத்துகள் வெயிலில் வெளுத்தும் வரி பிசகாமல் நிற்கின்றன. உள்ளே, உறுப்பினர் ஏட்டில், அவர் பெயர்மீது சிவப்பு மையால் ஒரு கோடு. வரும் ஞாயிறு கூட்டத்தில் அந்தக் கோட்டை நீக்க வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். செவ்வாய்தோறும் அவரோடு மருத்துவமனைக்குச் சென்றுவர இரண்டு தோழர்களையும் கேட்கப் போகிறேன். ஒருவன் நான். மற்றொருவர் இன்னும் கிடைக்கவில்லை.