மீண்டு வருஞ் சோர்வு

திருவண்ணாமலைத் திருக்கோயிலில் வல்லாள மகாராசன் கோபுரத்தின் அருகே கோபுரத்திளையனார் சன்னிதி உளது. வாழ்வை வெறுத்துக் கோபுரத்தினின்றும் வீழ்ந்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் தாங்கியருளினான் என்பது அவ்விடத்துக்குரிய வரலாறு. கேட்போர் பலரும் அன்றே அவர் துயரெலாம் அற்றதெனக் கொண்டு மகிழ்வர். ஆட்கொள்ளப்பட்ட பின்னரன்றோ திருப்புகழ் பாடப்பெற்றது? அப்பாடல்களிற் பல, நோயையும் மூப்பையும் உள்ளத்தின் அலைவையும் உரைத்துக் காத்தருள்கவென மீள மீள முறையிடுவன. அவை உலகர்பொருட்டுக் கூறியனவெனச் சிலர் அமைதி கூறுவர். அங்ஙனமாயினும், ஒருமுறை முறையிட்டால் உலகர்க்கு அமையாதென்பதை அவர் அறிந்திருந்தாரென்பது பெறப்படும்.

இதனை ஈண்டெடுத்தது மனச்சோர்வென்னும் நோய்பற்றியாம். அது வந்து, நீங்கி, மீளவரும் இயல்பினது; ஒருமுறை பற்றப்பட்டோரிற் பாதிப்பேர்க்கேனும் மறுமுறையும் வருமென மருத்துவ நூலோர் கூறுவர். உறக்கங் கெடும்; உண்டி கசக்கும்; பூசைக்குக் கொய்த மலர் கையிலிருக்க, நெஞ்சம் கல்லாய்க் கிடக்கும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலம் வந்தும் மீண்டதே, எம் பத்தி பொய்யோ என வினவும் அன்பர் உளர். நீறு பூசியார்க்குச் சோர்வேது என அவரைக் கடிவாரும் நம்மவருள்ளே உளர். அது சித்தாந்தம் அன்று.

கல்லெறிய விலகிய பாசி குளத்தை மீளவும் மூடும். நம் ஆசிரியர் இதனை மலத்துக்கு உவமையாக்கினர். பாசி மூடியமையால் நீரே இல்லாதொழிந்ததென்பார் யாருமிலர். மேலும், அருள் பெற்றார்க்கும் உடலுள்ளளவும் பிராரத்தம் உடலூழாய் நின்று நுகரப்படும் என்பது நூற்றுணிபு. மனமோ மாயையின் காரியமாகிய கருவி, உயிரன்று. கண்ணிற் படலம் படர்ந்தார்க்கு மருத்துவரை நாடுக என்கின்றோம். மனமாகிய கருவி பழுதுற்றார்க்கு மட்டும் இன்னும் உருகிப் பாடுக என்பது எந்நீதி?

மருந்துண்பார் நலந்தோன்றியவுடன் தாமே அதனை நிறுத்துதல் நோய் மீளுதற்கு வழியாம். மருத்துவர் சொல்லுங்காறும் உண்க. உயிரை வெறுக்கும் எண்ணம் எழின் தனித்திராது உற்றாரிடம் உரைக்க. 14416 என்னும் அரசின் தொலைபேசியில் எந்நேரமும் பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிர்விட முயன்றாரைக் கடுந்துயருற்றாரெனக் கருதி அவர்க்குச் சிகிச்சையளித்தல் அரசின் கடனென்கின்றது. இளையனார் சன்னிதியில் நின்று நினைப்பார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

மலரிட இயலாத நாளில் ஐந்தெழுத்தை ஒருமுறை எண்ணுதல் போதும். அதுவும் ஆகாதாயின், அருகிருக்கும் அடியவர் அவர்க்காக எண்ணுக. காரணம் வினவாது உடனிருக்க.