காலிப் புட்டியின் விலை

காலியான விஸ்கி புட்டியை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? அமெரிக்காவில் வாங்குகிறார்கள். பாப்பி வான் விங்கிள் என்ற போர்பன் விஸ்கியின் காலிப் புட்டிகள் இணையத்தில் நூறு டாலர், அதற்கும் மேல் என்று விலைபோகின்றன. அலமாரியில் அழகுக்கு வைப்பவர்கள் உண்டு. விளக்கு செய்பவர்களும் உண்டு. ஆனால் சிலர் எதற்கு வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். உள்ளே நாற்பது டாலர் சரக்கை ஊற்றி, மூடியைப் பழையபடி ஒட்டி, இரண்டாயிரம் டாலருக்கு விற்பதற்கு.

விற்பவன் அயோக்கியன், அதில் விவாதமே இல்லை. என்னைக் குடைவது வாங்கியவன் பக்கத்துக் கேள்வி. அவன் அதை ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி, "இதுக்குத்தான்யா இந்த விலை" என்று சொக்கிப்போகிறான். அந்தச் சொக்கல் பொய்யா? அவனுக்கு உண்மை கடைசிவரை தெரியப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். காசைத் தவிர அவன் எதை இழந்தான்?

முதலில் போர்பன் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். அமெரிக்கச் சட்டப்படி தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டாமல் வடிக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய, புத்தம்புதிய ஓக் மரக்கலத்தில் 62.5 சதவீதத்துக்கு மிகாமல் ஊற்றி வைக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாமல் புட்டியில் அடைக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. இது அமெரிக்காவுக்கே உரிய தனிப்பொருள் என்று 1964இல் அந்நாட்டு காங்கிரஸ் தீர்மானமும் போட்டது.

இந்தப் பட்டியலில் ருசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஏறக்குறைய எல்லாமே அது எப்படி வந்தது என்பதைப் பற்றியவை. ஆய்வகத்தில் மூலக்கூறுக்கு மூலக்கூறு அதே திரவத்தைச் செய்து காட்டினாலும், அது மரத்துக்குள் கிடக்கவில்லை என்றால் போர்பன் ஆகாது. எங்க தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு ஃபோல்டரிலும் இருக்கும் நிரல் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், கமிட் வரலாறு மட்டும் வேறு. சட்டம் பார்ப்பது அந்த வரலாற்றை.

அதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மலிவான சாராயத்தில் நிறத்துக்கும் காட்டத்துக்கும் கண்டதையும் கலந்து, முதிர்ந்த விஸ்கி என்று விற்றார்கள். அதற்கு எதிராக 1897இல் பாட்டில்ட்-இன்-பாண்ட் சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசுக் கண்காணிப்பில் இருக்கும் கிட்டங்கியில் குறைந்தது 4 ஆண்டு, 50 சதவீத ஆல்கஹால். அதன்பிறகும் சண்டை ஓயவில்லை. எதையெல்லாம் விஸ்கி என்று அழைக்கலாம் என்ற தகராறு ஜனாதிபதி மேசைவரை போய், 1909இல் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் ஒரு முடிவு சொன்னார். ஒரு நாட்டின் ஜனாதிபதி உட்கார்ந்து, ஒரு பொருள் அந்தப் பொருளாக இருப்பது எதனால் என்று யோசித்திருக்கிறார். தத்துவம் சோறு போடுமா என்று கேட்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

எதிர்த்தரப்பிடமும் நல்ல சரக்கு இருக்கிறது. 2008இல் வெளியான ஒரு ஆய்வில் இருபது பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 90 டாலர் என்றும் இன்னொருமுறை 10 டாலர் என்றும் சொன்னார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது. ஆக, அவர்கள் பந்தாவுக்காகப் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ருசித்திருக்கிறது.

போர்பனிலும் இதே கதைதான். பாப்பி வான் விங்கிளும் டபிள்யூ. எல். வெல்லரும் கென்டக்கி மாநிலத்தின் பிராங்க்ஃபர்ட்டில் உள்ள பஃபலோ டிரேஸ் வடிசாலையில், ரைக்குப் பதில் கோதுமை சேர்த்த கலவையிலிருந்து வருபவை. வயது வேறு, பீப்பாய்த் தேர்வு வேறு. ஆனால் மறுசந்தையில் இரண்டுக்கும் இடையே இருக்கும் விலைப் பள்ளத்தை அந்த வித்தியாசத்தால் நிரப்ப முடியாது. ஒருமுறை அலுவலக நண்பர்கள் நாலு பேருக்கு லேபிளை மறைத்து ஐந்து கிளாஸ்கள் வைத்தேன். மிக விலை உயர்ந்தது மூன்றாவதாக வந்தது. லேபிளைக் காட்டியதும் அதே ஆட்கள் அதே கிளாஸில் புதிதாக வெண்ணிலாவையும் தோலின் வாசனையையும் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் சந்தோஷம் மட்டும்தான் நிஜம், மற்றதெல்லாம் காகிதம் என்று சொல்லிவிடலாமா?

ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் டேவிட் ஹியூம், டான் குவிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சான்ச்சோவின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்க்கிறார்கள். நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது தோல்வார் கட்டிய ஒரு சாவி. நாக்குக்கும் உண்மைக்கும் உறவு உண்டு என்பதற்கு ஹியூம் காட்டும் சாட்சி அந்தச் சாவி. என் கேள்வியில்தான் அந்த வசதி இல்லை. போலிப் புட்டியின் அடியில் எந்தச் சாவியும் கிடக்காது. நாக்கு தோற்றுப்போன பிறகு மிச்சம் என்ன என்பதுதான் கேள்வி.

வேறு ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்க வீட்டில் ஒரு சாவு. நெருங்கிய நண்பனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. படித்து அழுகிறீர்கள், மனசு லேசாகிறது. ஒரு வருடம் கழித்து, அதை அவன் எழுதவில்லை, ஒரு மென்பொருள் எழுதியது, அவன் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினான் என்று தெரிகிறது. வார்த்தைகளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனாலும் உங்களிடமிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது. போனது வார்த்தை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்ற உண்மை.

எனக்கு இது விளங்கியது ஒரு சக ஊழியரால். லூயிவில் பக்கத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர். அவருடைய அப்பா, ஷைவ்லியில் இருந்த ஸ்டிட்ஸெல்-வெல்லர் வடிசாலையில் பீப்பாய் உருட்டியவர். 1935இல் திறந்து, 1972இல் வான் விங்கிள் குடும்பத்தின் கையைவிட்டுப் போய், 1992இல் வடிப்பதை நிறுத்திய இடம் அது. பாப்பியின் ஆரம்பகால வெளியீடுகள் சிலவற்றில் அங்கே வடித்த விஸ்கிதான் இருந்தது. அதனால் அப்பா இறந்த பிறகு முகம் தெரியாத ஒருவரிடம் பெரிய தொகை கொடுத்துப் பழைய புட்டி ஒன்றை வாங்கி, அப்பாவின் பிறந்தநாளில் எங்களுக்கெல்லாம் ஊற்றினார். "எங்க அப்பா கை பட்ட பீப்பாயா இருக்கலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

கிளாஸைக் கழுவ எழுந்தபோது புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் பொறித்திருந்த குறியீடு, லேபிள் சொன்ன காலத்துக்கு மிகவும் பிந்தைய வகை. வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை.

சொல்வதா, விட்டுவிடுவதா? அந்த இரவில் அவருக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைத்ததுதான், அதை ஏன் கலைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் யோசிக்க யோசிக்க, சும்மா இருப்பது நடுநிலை இல்லை என்று பட்டது. விற்றவன் அவரை ஒரு பொய்க்குள் வைத்தான். தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டால், கதவை வெளியே தாழ்ப்பாள் போடுவது நான். அவர் எந்த உலகத்தில் வாழ வேண்டும் என்று அவரைக் கேட்காமல் முடிவுசெய்ய நான் யார்? அடுத்த வாரம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நிஜமானது இன்னும் எங்கேயோ இருக்கு" என்றார்.

அன்றைய கண்ணீர் பொய் இல்லை. அது அப்பாவுக்கானது, புட்டிக்குள் எது இருந்தாலும் வந்திருக்கும். ஆனால் அவர் விரும்பியது கண்ணீரை இல்லை. அப்பாவின் கையிலிருந்து தன் நாக்குவரை அறுபடாமல் வரும் ஒரு கோட்டை. அது அங்கே இல்லை. விலைக்காக வாங்கி வைப்பவன் போலியில் இழப்பது பணம் மட்டும். ருசிக்காக மட்டும் குடிப்பவன் ஒருவேளை எதையுமே இழப்பதில்லை. ஒரு முகவரியை வைத்து நேசிப்பவன் எல்லாவற்றையும் இழக்கிறான். தெரிந்தாலும் இழக்கிறான், தெரியாவிட்டாலும் இழக்கிறான்.

போர்பன் பிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அரிய புட்டி தீர்ந்ததும் சிலர் அதை உடைத்துவிடுவார்கள், அல்லது லேபிளில் பேனாவால் கிறுக்கிவிடுவார்கள், யாரும் மறுபடி நிரப்பி விற்க முடியாதபடி. கையில் வரும் நூறு டாலரை வேண்டாம் என்கிறார்கள். யாருக்காக? என்றாவது எங்கேயோ ஒருவன் ஏமாந்து, ஏமாந்ததே தெரியாமல் மகிழ்ந்திருக்கக்கூடும், அவனுக்காக. அவன் எதை இழந்திருப்பான் என்று அவர்களைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எதையோ இழந்திருப்பான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.