பிணியாளரைப் பேணுவோர்க்கு யார் துணை?

வயிற்றுப்போக்கினால் நலிந்து தன் மலசலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் கண்டருளிய நிகழ்ச்சியை விநய பிடகத்து மகாவக்கம் கூறுகின்றது. அன்பர்களில் பலர் கேட்டறிந்ததே. பகவான் நீர் வார்க்க ஆனந்தர் அவ்வுடலைக் கழுவினார். தலைப்பக்கம் பகவானும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். நாம் பெரும்பாலும் இவ்வளவில் கதையை நிறுத்திக் கருணையின் பெருமையைப் பேசிவிட்டு எழுந்துவிடுகின்றோம். சிந்திக்கவேண்டிய பகுதியோ அதன் பின்னரே வருகின்றது.

பகவான் பிக்குகளைக் கூட்டி, அவனை ஏன் ஒருவரும் பேணவில்லை என்று வினவினார். அவனால் தங்களுக்கு யாதோர் உதவியும் இல்லை, ஆதலின் பேணவில்லை என்றனர் அவர்கள். வீட்டைத் துறந்து வந்தோர்க்கு இங்கே தாயுமில்லை, தந்தையுமில்லை. தம்முள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவர் என்பதே பகவான் அவர்கள்முன் வைத்த கேள்வி. பிணியாளரைப் பேணும் கடன் உற்றார் ஒருவர் தலைமேல் மட்டும் சுமத்தத்தக்கதன்று, கூடி வாழ்வோர் அனைவர்க்கும் உரியது என்பது இதனால் விளங்கும். புற்றுநோய் போன்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் பிணியில் இதனை நாம் எவ்வளவு தூரம் ஏற்று நடக்கின்றோம்?

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழரை எண்ணும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையாகின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவருள் தமிழர் கணிசமானோர். பிழைப்புத் தேடிக் கப்பலேறியோர் பலர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோர் சிலர். உற்றார் உறவினர் கடலுக்கு அப்பால் இருக்க, அண்டை வீட்டாரையே அண்ணன் என்றும் அத்தை என்றும் அழைத்து வாழ்பவர்கள் இவர்கள். பகவான் கூறிய தாய் தந்தை இல்லா நிலைக்கு இதனினும் அணித்தான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரில், செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையைப் போற்றும் நமக்கு இச்செய்தி உவகை தரும். ஆயினும் புற்றுநோய்க்கு உயர் சிகிச்சை வேண்டுவோர் பலர், தீவினர் 'மெயின்லேண்ட்' என்றழைக்கும் பெருநிலத்துக்கே வர நேர்கின்றது. சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள்.

ரங்கத்திலோ கச்சாலிலோ ஒரு தாய்க்கு மார்பில் புற்று எனக் கொள்வோம். உடன் வருபவள் மகள். கணவனையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் விட்டு வருகின்றாள். அறியாத நகரில் அறை தேடவேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய சீட்டைப் பிறரிடம் காட்டிப் பொருள் கேட்கவேண்டும். இரவில் தாய் முனகும்போது என் செய்வதென்று தானே முடிவு செய்யவேண்டும். தாய் எப்படி இருக்கின்றாள் என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்போர் பலர். மகள் உண்டாளா என்று கேட்போர் எத்தனை பேர்?

பிணியாளரைப் பேணத் தகுந்தவர்க்கு ஐந்து இயல்புகளை அதே மகாவக்கம் வகுத்திருக்கின்றது. மருந்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் திறன், ஏற்றது ஏலாதது அறிதல் என்னும் இரண்டுமே முதலில் நிற்கின்றன. அன்பும், அருவருப்பின்மையும், நல்லுரை கூறும் ஆற்றலும் அவற்றின் பின்னர் வருகின்றன. இவ்வரிசையை நான் பெரிதும் மதிக்கின்றேன். அறிவு இல்லாத அன்பு, நெஞ்சு நிறைய இருந்தும் கையைப் பிசைந்து நிற்கும். எனவே கேட்டறிதல் பேணுவோர் கடமை, அஞ்சாமற் கேட்கலாம். நோயின் பெயர் யாது, எந்நிலையில் உள்ளது, சிகிச்சையின் நோக்கம் முற்றக் குணப்படுத்துவதா அன்றித் துன்பம் தணிப்பதா, எவ்வடையாளம் கண்டால் உடனே ஓடிவரவேண்டும் என இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்று மருத்துவரிடம் வினவுவது நன்று.

ஒன்றைமட்டும் விரித்துரைப்பேன். புற்றுநோய்க்குரிய வேதிமருந்து ஏற்றியபின் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைவதுண்டு. அப்போது காய்ச்சல் 100.4 பாகை பாரன்ஹீட்டைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருத்தல் கூடாது; அந்நேரமே மருத்துவமனை செல்லவேண்டும். மூன்று நாள் கடலில் இருக்கப்போகின்றவர் கப்பலேறுமுன் மருத்துவரைக் கேளாமல் ஏறுவது எத்துணை ஆபத்து! அவ்வாறே மார்பின் என்னும் வலிநீக்கியைப் பற்றிய அச்சமும். மருத்துவர் அளந்து கொடுத்தபடி உண்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உடன் கேட்டுப் பெறவேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வதில் யாதொரு புண்ணியமும் இல்லை.

இவ்விடத்தில் 'முன்வினை' என்று முணுமுணுக்கும் அயலாரை நினையாமல் இருக்கமுடியவில்லை. நம்முள்ளும் அப்பழைய வழக்கம் முற்றாக ஒழியவில்லை. சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் நுகரும் யாவும் முன்வினைப் பயனேயோ என்று வினவியபோது, பகவான் அதனை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல், கவனக் குறைவு, புறத்தாக்குதல் எனப் பல காரணங்களை எண்ணிக் காட்டி, வினையை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். ஆதலின் பிணியுற்ற தாயின் காதில் விழ வினையைப் பேசுவது பௌத்தம் அன்று. இது தொற்றும் என்றெண்ணித் தட்டையும் குவளையையும் தனியே வைப்பதும் அறியாமையே. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரிலிருந்து எழுந்த முயற்சியே 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புப் பணியோ வேறொரு பாடம் தருகின்றது. பயிற்சி பெற்ற ஊரார் நோயாளியின் வீடு தேடிச் சென்று, புண்ணைத் துடைத்து, உடனிருப்போரின் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அங்கிருந்து கேரளமெங்கும் பரவியது. 2008இல் அம்மாநில அரசே அதனைக் கொள்கையாக ஏற்றது. பொருளுதவிக்கு 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுடைய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மனம் தளர்ந்த பேணுவோர் 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண்ணில் பேசலாம். இவற்றை அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லாதிருத்தல் சிறு குற்றமன்று.

விசாகை பகவானிடம் எட்டு வரங்கள் வேண்டினாள். பிணியாளர்க்கு உணவளிக்கும் வரம் அவற்றுள் ஒன்று. பிணியாளரைப் பேணுவோர்க்கு உணவளிக்கும் வரத்தையும் அவள் தனியே கேட்டாள். பேணுபவர் தம் உணவைத் தேடிப் போய்விட்டால் பிணியாளர்க்கு வேளை தவறும் என்பது அவள் கூறிய காரணம். இல்லறத்தாள் ஒருத்தியின் இக்கூரிய நோக்கை நம் சங்கங்கள் கைக்கொள்ளலாகாதா? சென்னையிலுள்ள அன்பர் ஒருவர் துறைமுகத்தில் நின்று அத்தாயையும் மகளையும் எதிர்கொள்ளலாம். ஒருவர் சீட்டைப் படித்துச் சொல்லலாம். வாரம் ஓரிரவு தாயின் அருகில் வேறொருத்தி இருக்க, மகள் உறங்கலாம். ரங்கத்தில் அவள் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டார் இருவேளைச் சோறு ஆக்கிப் போடலாம். ஆக்கிப் போட்டதை அவளுக்குத் தொலைபேசியில் அன்றே சொல்லவும் வேண்டும்.