இரண்டு முடிவுகள்

உங்கள் கையில் இரண்டு ஏஸ். எதிராளி கையில் இரண்டு ராஜா. டெக்ஸாஸ் ஹோல்டம் என்ற போக்கர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டுதான். அதில் ஏஸ் ஜோடியை மிஞ்ச எதுவும் கிடையாது. இருக்கிற பணத்தையெல்லாம் நடுவே தள்ளிவிடுகிறீர்கள். அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிக்கிறார்கள். அதில் ஒரு ராஜா வந்து தொலைக்கிறது. போச்சு!

நீங்கள் செய்தது தப்பா? இதே கைகளை நூறு தடவை ஆடினால் சுமார் 82 தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். இன்றைக்கு வந்தது மிச்சம் 18-ல் ஒன்று. நாளைக்கும் ஏஸ் ஜோடி வந்தால் அப்படியே ஆடுவதுதான் புத்திசாலித்தனம்.

தமிழில் ஒரு சங்கடம். நாம் எடுப்பதற்கும் முடிவு என்று பெயர். கடைசியில் நடப்பதற்கும் முடிவு என்றே பெயர். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். நல்ல போக்கர் ஆட்டக்காரர் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகியவர்.

2003-ல் லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். கடைசியில் மிஞ்சியது இருவர். சாம் ஃபர்ஹா, பழம் தின்று கொட்டை போட்டவர். கிறிஸ் மணிமேக்கர், சாதாரண அக்கவுன்டன்ட் (நிஜப் பெயரே அதுதான்!). ஒரு கட்டத்தில் மணிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனாலும் மொத்தத்தையும் பந்தயம் வைத்தார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. யோசித்து யோசித்து, கடைசியில் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போயின.

டி.வி.யில் இருவர் சீட்டும் தெரிந்தது. பார்க்கிற நமக்கு 'அடடா, ஏமாந்துட்டாரே!' என்றிருக்கும். ஆனால், ஃபர்ஹாவுக்குத் தெரிந்தது அவர் சீட்டு மட்டும்தான்.

எல்லாம் நடந்து முடிந்தபின் தீர்ப்பு சொல்கிறவர்கள் எல்லோருமே டி.வி. பார்க்கிறவர்கள்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன். 'பத்துக்கு ஒன்பது பேர் பிழைச்சுடுவாங்க. செய்யலைன்னா ஆறு மாசம் தாண்டாது' என்றார் டாக்டர். இன்னொரு டாக்டரிடமும் விசாரித்துவிட்டு மகன் கையெழுத்துப் போட்டார். அப்பா வீடு திரும்பவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் பெரியப்பா சொன்னார், 'கத்தி வைக்காதேன்னு நான் அப்பவே சொன்னேன்.' அந்த மனிதர் இன்றும் அந்தக் கையெழுத்தைச் சுமந்துகொண்டு அலைகிறார்.

குடித்துவிட்டு பைக் ஓட்டி, பத்திரமாக வீடு சேர்ந்தவனைப் பாருங்கள். 'அதான் ஒண்ணும் ஆகலையே' என்கிறான். நாமும் விட்டுவிடுகிறோம். அவன் செய்தது தப்பு, தப்பித்தான், அவ்வளவுதான்.

போக்கரில் நூறு கை ஆடலாம், கணக்கு மெள்ள நேராகிவிடும். அப்பா விஷயத்தில் ஒரே கைதான். பத்துக்கு ஒன்பது என்ற கணக்கு அங்கே ஆறுதல் தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், துக்கம் வேறு, குற்றம் வேறு. துக்கத்தை யாராலும் எடுக்க முடியாது. குற்றத்தை எடுக்கலாம். பெரியப்பா நினைத்திருந்தால் அன்றைக்கே எடுத்திருக்கலாம்.

சீட்டாடக் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த முறை யாராவது தோற்று வந்து நிற்கும்போது, 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிக்காமல், 'அந்த நேரத்துல உனக்கு என்ன தெரிஞ்சுது? விசாரிச்சியா? யோசிச்சியா?' என்று கேளுங்கள். ஆமாம் என்றால், தோளில் கை போடுங்கள்.

தோற்றது நீங்களேயானாலும் இதே கேள்விதான்.