புள்ளி கேட்காத செவி



நம் பலெர்மோ பேராலயத்தில் அருளாளர் பினோ புலீசியின் கல்லறை இருக்கிறது. மாஃபியா சுட்டுக் கொன்ற குரு என்று உங்களுக்குத் தெரியும். 1993 செப்டெம்பர் 15, அவருடைய 56ஆவது பிறந்தநாளன்று, வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். 2013இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. இன்று நான் பேச வந்தது அவருடைய சாவைப் பற்றியல்ல. மாணவரோடு அவர் வாழ்ந்த வாழ்வைப் பற்றி.

செருப்புத் தைப்பவரின் மகன் அவர். 1978 முதல் இறக்கும்வரை உயர்பள்ளியில் சமயபாட ஆசிரியர். கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் துணைநின்றார். பங்குக்குருவாகப் பிரங்காச்சோ பங்கின் சுமை முழுவதும் தோளில் இருக்கும்போதே, 1992இல் குருமடத்தின் ஆன்மகுருவாகவும் பொறுப்பேற்றார்.

ஆன்மகுரு என்றால் யார்? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 240ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு குருமாணவரைத் திருநிலைப்படுத்துவதா, குருமடத்தைவிட்டு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது, ஆன்மகுருவிடம் கருத்துக் கேட்கவே கூடாது என்கிறது அது. எவ்வளவு கருணையான சட்டம்! மனதைத் திறக்கும் இடத்திலேயே தராசும் தொங்கினால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

நம் வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். நாள் முழுதும் வேலை செய்து களைத்து வருகிறோம். பிள்ளையைக் கண்டதும் முதல் கேள்வி, "எத்தனை புள்ளி?" இங்கே பல்கலைக்கழகப் பரீட்சைக்கு 30 புள்ளி, 18 எடுத்தால் சித்தி. பெரும்பாலும் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கிடைத்த புள்ளி போதாதென்றால் அதை மறுத்துவிட்டு இன்னொரு முறை தோற்றலாம். ஏற்பதா மறுப்பதா என்று அந்தக் கதிரையிலேயே முடிவெடுக்கும் பிள்ளையின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! அதே பிள்ளைதான் மறுநாள் நம்மோடு அலுவலகத்துக்கு வந்து, நம் விசாப் பத்திரங்களுக்கு மொழிபெயர்க்கிறது. அதன் களைப்பை நாம் கேட்டோமா?

சைவரும் கத்தோலிக்கருமாகப் பெல்லெக்ரினோ மலையேறி, சாந்தா ரொசாலியாவிடம் பிள்ளைகளின் பரீட்சைக்காக நேர்த்தி வைக்கிறோம். நல்லது, வையுங்கள். அடுத்த முறை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். மலையிலுள்ள அவருடைய குகைவரைக்கும் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், அது பேசுவதைக் கேட்டபடி நடவுங்கள்.

தாய் தகப்பனிடம் சொல்ல முடியாதவையும் பிள்ளைகளுக்கு உண்டு. அதில் நமக்கு மனவருத்தம் வேண்டாம். அவற்றைக் கேட்க ஒரு மாமாவோ அக்காவோ வேண்டும்: கேட்டதை வெளியே சொல்லாதவர், புள்ளி விசாரிக்காதவர். மாதத்தில் ஒரு மாலை அப்படி இருக்க யாருக்கு மனமிருக்கிறதோ, திருப்பலி முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.