சிக்கனம் யார் செலவில்?

சிக்கனம் தனிமனிதனின் சொந்த விவகாரம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். தன் பொருளைத் தான் காத்துக்கொள்பவனைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை உண்டு? குறைவாக உண்டு, எளிய படுக்கையில் உறங்கி, கையிலுள்ளதைக் கொண்டு நாடு சுற்றி வருபவனை ஊர் மெச்சுவதும் இயல்பே. ஊதாரிக்கு எதிர்முனையில் நிற்பவன் ஆகையால் அவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் அந்த எதிர்முனையிலும் ஒரு குற்றம் ஒளிந்திருப்பதைத் தமிழர் பண்டே கண்டனர். திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரம் இவறன்மையை ஏனைய குற்றங்களோடு வைத்து எண்ணாமல் தனியே பிரித்து நிறுத்துகிறது.

சிக்கனம் எங்கே முடிகிறது, இவறன்மை எங்கே தொடங்குகிறது? வீட்டில் இருப்பவனிடம் இதற்கு விடை காண்பது கடினம். பழக்கம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடும். தனியே நெடும்பயணம் போகிறவனிடத்திலோ கணக்கு அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வேளை உணவையும், ஒவ்வோர் இரவின் படுக்கையையும் அவன் விலை கேட்டே பெற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் அத்தகைய பயணிகள் பலரைக் காணலாம். பழைய கார் ஒன்றில் சறுக்குப் பலகைகளையும் கம்பளிப் போர்வைகளையும் ஏற்றிக்கொண்டு டென்வரிலிருந்து மேற்கே புறப்படுவார்கள். 11,000 அடிக்கு மேல் மலையைத் துளைத்துச் செல்லும், 1973இல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கத்தைக் கடந்து, யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரை அடைய ஏறத்தாழ 500 மைல். அங்கிருந்து வடக்கே ஐடஹோ, வையோமிங். பனி பெய்யாத நாட்டில் பிறந்தவர்க்கு இந்த ஆசை விளங்குவது சற்றுக் கடினந்தான். மலைச்சரிவில் புதுப்பனியின்மீது வழுக்கிச் செல்லும் சில நிமிடங்களுக்காக ஒருவன் வாரக்கணக்கில் வெந்நீரில் ஊறிய மீயையும் ரொட்டியையும் உண்டு வாழ்கிறான் என்றால், அந்த நிமிடங்களில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பனிச்சறுக்கு செல்வர் விளையாட்டு. கொலராடோவின் வேல் மலையில் 2024-25ஆம் பருவத்தின் நெரிசல் நாள்களில், முன்பதிவின்றி வாயிலில் வாங்கும் ஒருநாள் சீட்டு 300 அமெரிக்க வெள்ளியைத் தாண்டியது. செல்வர்க்கென அமைந்த மலையில் ஏழையைப் போல் வாழ்ந்துகொண்டு சறுக்குவது எப்படி என்பதே இப்பயணியின் கலை. அக்கலைக்கு நீண்ட மரபும் உண்டு.

ஐடஹோவின் சன் வேலி உல்லாச நகரை யூனியன் பசிபிக் இரயில் நிறுவனம் 1936இல் திறந்தது. கப்பலில் வாழைக்குலைகளை ஏற்றும் முறையைக் கண்டிருந்த அந்நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், குலைக்குப் பதிலாக மனிதனைத் தொங்கவிட்டால் என்ன என்று சிந்தித்ததன் பயனாக உலகின் முதல் நாற்காலி ஏற்றி அங்கே பிறந்தது. திரைப்பட நட்சத்திரங்கள் வந்து தங்கிய அந்த இடத்தின் கார் நிறுத்துமிடத்தில், போர் முடிந்து கடற்படையிலிருந்து திரும்பிய இரண்டு இளைஞர்கள் 1946-47 குளிர்காலத்தில் ஒரு சிறு இழுவண்டியில் குடியிருந்தனர். ஒருவர் வார்ட் பேக்கர். மற்றவர் பின்னாளில் பனிச்சறுக்குத் திரைப்படங்களால் பெரும்புகழ் பெற்று 2018இல் மறைந்த வாரன் மில்லர். முயல் வேட்டையாடிச் சமைத்ததையும், உணவுச்சாலையில் இலவசமாகக் கிடைத்த வெந்நீரில் மேசைமேலிருந்த தக்காளி சாஸைக் கரைத்து, அங்கேயே கிடைத்த பிஸ்கட்டுகளோடு சூப்பாக அருந்தியதையும் மில்லர் வாழ்நாள் முழுவதும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வந்தார். அமெரிக்கச் சறுக்கர் உலகில் இது ஏறத்தாழப் புராணக் கதை.

கதையில் சுவை இருக்கிறது. ஒரு வினாவும் இருக்கிறது. அந்த சாஸ் யாருடையது? உண்ண வருவோர்க்காக வைத்தது, உணவு வாங்காதவனுக்குச் சூப்பாகலாமா? கடைக்கு நேர்ந்த இழப்பு சில காசுகளே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இழப்பின் அளவு ஒன்று, செயலின் தன்மை வேறொன்று. இலவசம் என்பது ஒரு நம்பிக்கையின் பெயர். ஒவ்வொருவனும் அளவாக எடுப்பான் என்ற நம்பிக்கையால்தான் மேசைமேல் சாஸ் திறந்து வைக்கப்படுகிறது. இருவர் அதை மீறினால் கதையாகிறது. இருநூறு பேர் மீறினால் சாஸ் பூட்டுக்குள் போகிறது, அடுத்து வரும் குழந்தையும் கேட்டுத்தான் பெற வேண்டும். அதற்காக மில்லரைத் திருடர் என்று தூற்றுவது அபத்தம். போரிலிருந்து மீண்டு வந்த இளைஞனின் குறும்பை நீதிமன்றத் தராசில் நிறுக்கத் தேவையில்லை. ஆயினும் அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, கையில் பணம் இருந்தும் அவ்வழியே செல்பவனை அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. மில்லருடைய குறும்புக்குப் பின்னே வறுமை இருந்தது. இவனுடையதற்குப் பின்னே ஆசை மட்டுமே இருக்கிறது.

சாஸ் சிறிய வினா. அதைவிடப் பெரிய வினா வழியோர உணவகத்தின் மேசைமேல் காத்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7 வெள்ளி 25 காசு, 2009இல் வைத்தது. ஆனால் ‘டிப்ஸ்’ பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியது வெறும் 2 வெள்ளி 13 காசுதான். 1991இல் வைத்த அத்தொகை இன்றுவரை நகரவில்லை. எஞ்சியதை வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் சில்லறை நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு; நிரம்பாவிடில் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏட்டில் உள்ள விதி. மேற்கில் கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், நெவாடா, மொண்டானா ஆகிய மாநிலங்கள் இம்முறையை ஏற்காமல் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தையே தரச் செய்துள்ளன. யூட்டாவோ அந்த 2 வெள்ளி 13 காசிலேயே நிற்கிறது. ஆகவே நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் காரோட்டி வரும் பயணி மாநில எல்லையைக் கடக்கும்போது, அவன் அறியாமலே ஓர் அறக்கடமையின் எடையும் மாறிவிடுகிறது. அதே முட்டையும் அதே காப்பியும் மேசைக்கு வருகின்றன. ஆனால் பரிமாறும் பெண்ணின் ஊதியத்தில் பெரும்பகுதி இப்போது அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

செலவைக் குறைக்க விரும்பும் பயணியின் கண்ணில் முதலில் படுவது இந்த டிப்ஸ்தான். உணவின் விலையைப் பேரம் பேச முடியாது. பெட்ரோலின் விலையைப் பேச முடியாது. டிப்ஸை மட்டும் சுழியமாக்கலாம், மறுமுறை அவ்வூர்ப் பக்கம் வரப்போவதுமில்லை. “சட்டம் தவறு, அதற்கு நான் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?” என்று அவன் வாதிடலாம். வாதம் பாதி சரி. சட்டம் தவறானதே. ஆனால் தவறான சட்டத்தை எதிர்ப்பவன் சட்டம் இயற்றியவனுக்கோ முதலாளிக்கோ இழப்பு உண்டாக்க வேண்டும். டிப்ஸ் தராமல் எழுந்து போகிறவன் அச்சட்டத்தால் ஏற்கெனவே வருந்துகிறவளிடமிருந்தே எடுத்துக்கொள்கிறான். தானே சமைத்து உண்பவன் யாருக்கும் கடன்படவில்லை. அவனுடைய ரொட்டியும் மீயும் குற்றமற்றவை. மேசைக்கு முன் அமர்ந்து பிறரை நடக்க வைத்துவிட்டு அந்நடைக்குரியதை மிச்சம் பிடிப்பதுதான் இவறன்மை. அவ்வளவு செலவு தாங்காதவன் மேசையில் அமராமல் இருக்கலாம்.

உறையுளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1962இல் சாந்தா பார்பராவில் ஓர் இரவுக்கு 6 வெள்ளி என்று தொடங்கி, அந்த எண்ணையே பெயராக்கிக்கொண்ட மோட்டல் 6, ஆடம்பரத்தை நீக்கினால் அறை மலியும் என்று காட்டியது. அது நேர்மையான மலிவு. வேண்டாததை விட்டதால் வந்த மலிவு. வாடகை பின்னர் ஏறிவிட்டது, பெயர் மட்டும் ஏறவில்லை. மலிவறையும் தனியாளுக்குக் கனக்கவே செய்யும். இருவர் பகிரும் வாடகையை அவன் ஒருவனே சுமக்கிறான். ஆகவே காரிலேயே உறங்கத் தலைப்படுகிறான். மேற்கில் அது எளிது. நெவாடாவின் நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடும், யூட்டாவில் 63 விழுக்காடும் கூட்டரசுக்கு, அதாவது மக்களுக்குச் சொந்தம். நிலமேலாண்மைத் துறையின் வெளிகளில் பொதுவாக 14 நாள்வரை கட்டணமின்றித் தங்கலாம். யாருக்கும் இடைஞ்சலின்றி, குப்பையைத் திரும்ப எடுத்துச் சென்று, விண்மீன்களின் கீழ் உறங்குகிறவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சறுக்குமலை ஊருக்குள் காரில் உறங்கும்போது நிலைமை வேறு. அங்கே அவன் தனியன் அல்லன். அதே நிறுத்துமிடத்தில், பனி மூடிய கண்ணாடிக்குப் பின்னே, இன்னொருவரும் உறங்கிக்கொண்டிருக்கலாம். விடியற்காலையில் அவர் எழுந்து போவது மலைக்கன்று, உணவகத்துச் சமையலறைக்கு. அல்லது விடுதி அறைகளைப் பெருக்க. அந்த ஊரை நடத்துகிறவர் அவர். ஆனால் அந்த ஊரில் ஓர் அறை எடுக்க அவர் ஊதியம் போதாது. செல்வர் விடுமுறை வீடுகளை வாங்கக் குவிந்ததால் வாடகை மலைக்கு மேலே ஏறிவிட்டது. வையோமிங்கின் ஜாக்சன் நகருக்கு வேலைக்கு வருவோர் பலர் டீட்டன் கணவாய்க்கு அப்பால் ஐடஹோவில் குடியிருக்கின்றனர். 2024 ஜூன் 8ஆம் நாள் அக்கணவாய்ச் சாலையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தபோதுதான், தன் அன்றாட வாழ்வு யார் தோளில் நிற்கிறது என்பதை அந்தச் செல்வ நகரம் கண்கூடாகக் கண்டது. மாற்றுப்பாதை மூன்று வாரத்திற்குள் போடப்பட்டது. குறைந்த வாடகை வீடுகள் அவ்வளவு விரைவில் எழுவதில்லை.

அரிசோனாவின் செடோனா சறுக்குமலை ஊரன்று. செம்பாறைகளைக் காணப் பயணிகள் குவியும் ஊர். அங்கும் இதே நெருக்கடி. உள்ளூரில் வேலை செய்துகொண்டு காரில் வாழ்வோர் இரவில் அச்சமின்றி உறங்க ஓரிடம் ஒதுக்க 2024இல் நகர மன்றம் முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் அதை நிராகரித்தனர். தங்களுக்குக் காப்பி ஊற்றித் தருகிறவர் எங்கே உறங்குகிறார் என்பது அவர்கள் அறியாததன்று.

இரண்டு கார்களும் ஒன்று போலவே தோன்றும். காவலர் வந்து கண்ணாடியைத் தட்டும்போது இரண்டையும் ஒரே விதிதான் விரட்டுகிறது. விரட்டப்பட்ட பயணிக்கு அது ஊர் திரும்பி நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை. மற்றவருக்கு அது மறுநாள் வேலை. எளிமையைத் தேர்ந்தெடுத்தவனுக்கும் எளிமையில் தள்ளப்பட்டவருக்கும் இடையே உள்ள தொலைவு, போர்வையின் தடிப்பிலோ உணவின் அளவிலோ தெரிவதில்லை. திரும்பிப் போக வீடு உண்டா என்பதில் தெரிகிறது. அமெரிக்க எளிமையின் திருவுருவாகப் போற்றப்படும் தோரோகூட 28 வெள்ளி 12½ காசில் கட்டிய தம் குடிலை நண்பர் எமர்சனின் நிலத்தில்தான் கட்டினார். அது அவருடைய சிந்தனையைப் பொய்யாக்காது. ஆனால் நிலம் தர எமர்சன் இல்லாதவன் அக்கணக்கைப் பின்பற்ற முடியாது என்பதும் மெய். பயணி காரில் உறங்குவது பிழையன்று. நிறுத்த இருபது இடமே உள்ள ஊரில், போக வேறிடம் உள்ள அவன் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்வதும், அதனால் எழும் முறையீடுகள் எல்லோரையும் துரத்தும் விதியாக முடிவதும் பிழையே. சில மைல் அப்பால் பொதுநிலத்துக்குப் போய்விடுவது அவனுக்கு ஒரு கலன் பெட்ரோல் செலவு.

சறுக்கும் செலவிலும் இதே கணக்கு ஓடுகிறது. பருவம் தொடங்குமுன் பருவச்சீட்டு வாங்குபவனுக்கு ஒருநாள் செலவு வெகுவாகக் குறையும். அவ்வளவு மலிவுக்கு மலையில் யார் ஈடுகட்டுகிறார்? 2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை யூட்டாவின் பார்க் சிட்டியில் சறுக்குக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பனிச்சரிவு அபாயத்தை வெடிவைத்து நீக்குபவர்கள், காலொடிந்தவர்களைக் கீழே இறக்கி வருபவர்கள் அவர்கள். தொடக்க ஊதியத்தை மணிக்கு 21 வெள்ளியிலிருந்து 23 ஆக்கக் கேட்டுப் பெற்றனர். சரிவுகள் பல மூடிக்கிடந்த அந்த நாள்களில் வரிசையில் நின்று சினந்தவர்களுள் சிக்கனப் பயணிகளும் இருந்திருப்பர்.

மலிவு என்றாலே யாரோ ஒருவர் வயிற்றில் அடிப்பதுதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஐடஹோவின் பாய்சி நகரருகே உள்ள போகஸ் பேசினும், மொண்டானாவின் பிரிட்ஜர் போலும் இலாப நோக்கற்ற மலைகள். பங்குதாரருக்கு இலாபம் பிரித்துத் தர வேண்டாத போகஸ் பேசின் 1998இல் பருவச்சீட்டை 199 வெள்ளிக்கு விற்றது. மக்கள் திரண்டு வாங்கினர்; வட்டாரத்து மலைகள் பலவும் விலையைக் குறைக்கத் தொடங்கின. இங்கே மலிவு ஓர் ஊரின் கூட்டு ஏற்பாடு. சிக்கனப் பயணி பெரிய மலைகளின் பெயரை விட்டு இத்தகைய குன்றுகளை நாடினால் பணமும் மிஞ்சும், மனமும் உறுத்தாது. உயரம் சற்றுக் குறையலாம். பனி அதே பனிதான்.

இனித் தனிமை. துணையின்றிப் போகிறவனுக்குத் தன் வேகம், தன் பசி, தன் வழி. அந்த விடுதலையின் இனிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆழ்பனியில் மரத்தடியைச் சுற்றி உண்டாகும் பொய்க்குழியில் தலைகீழாக விழுந்தவனை அருகிலுள்ள துணைவன் சில நிமிடங்களுக்குள் இழுத்தால்தான் உயிர். சீட்டுச் செலவை மிச்சம் பிடிக்க, காவலர் இல்லாத சரிவில் தன் காலால் ஏறித் தனியே இறங்குகிறவன் அத்துணையையும் விட்டுவிடுகிறான். மாலையில் அவன் கார் மட்டும் மலையடிவாரத்தில் நின்றால், மாவட்ட ஷெரிப் அழைப்பது பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களைத்தான். ஆசிரியர், தச்சர், கடைச் சிப்பந்தி என்று பகலெல்லாம் உழைத்தவர்கள், பனிச்சரிவு எப்போது நகரும் என்று தெரியாத இருட்டில் விளக்கோடு ஏறுகிறார்கள். கொலராடோவில் மீட்கப்பட்டவனிடம் அவர்கள் பணம் கேட்பதில்லை. கட்டணத்துக்கு அஞ்சி எவனும் உதவி கேட்கத் தயங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் கருத்து. புறப்படுமுன் எந்தச் சரிவுக்குப் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டுப் போவதற்குச் செலவு ஏதுமில்லை. அப்படிச் சொன்னால், தொண்டர்கள் அந்த இரவில் மலை முழுவதையும் தேடாமல் ஒரு சரிவை மட்டும் தேடலாம்.